மகளின் குறும்பும் தாயின் சிரிப்பும்

(டிரஸ்ட் மண்டபத்தில் நடந்த தாய்மார்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

 

என்னை இந்த மேடையில் பார்த்தால் உங்களுக்கு மூன்று விஷயம்தான் ஞாபகம் வரும். ரமளான் வந்தால் ஜகாத், பள்ளிக்கூடம் திறந்தால் கல்வி உதவி, மற்ற மாதங்களில் மருத்துவ உதவி. இன்று அந்த மூன்றும் இல்லை. பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும்படி மகளிர் பிரிவுச் சகோதரிகள் கேட்டார்கள். பிள்ளை வளர்ப்பு என்பது கடல். அதில் ஒரு கை நீரை மட்டும் நான் அள்ளிக்கொள்கிறேன். ஐந்து வயதிலிருந்து பத்து, பதினொரு வயது வரை உள்ள பெண் பிள்ளையின் விளையாட்டு, அதைப் பார்க்கும்போது தாயின் மனதில் வருகிற சந்தோஷம். இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

டிரஸ்ட் அலுவலகத்திற்கு விண்ணப்பம் கொடுக்க வரும் தாய்மார்கள் சில நேரம் பெண் பிள்ளையையும் கூட்டி வருவார்கள். உம்மா கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அந்தப் பிள்ளை மேசையில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து உள்ளங்கையில் ஒரு குத்து, நெற்றியில் ஒரு குத்து குத்திக்கொள்ளும். "நானும் பாஸ் ஆயிட்டேன்" என்று சொல்லும். தாய்க்குச் சிரிப்பு வந்துவிடும். முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அடுத்த நொடியே முகம் மாறும். பிள்ளையின் கையில் ஒன்று விழும். "சும்மா இரு புள்ள! பொம்பளப் புள்ளையாட்டமா இருக்கே?"

இப்போது அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? முதலில் வந்த சிரிப்பையும் அது பார்த்தது. பிறகு வந்த அடியையும் வாங்கியது. இரண்டில் எது உம்மா என்று அதற்குப் புரியாது. சிரிப்புதான் உண்மையான உம்மா. அடி, பார்க்கிற எங்களுக்காகப் போட்டது.

வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மாமி பார்க்கிறார், மதினி பார்க்கிறார், எதிர்வீடு பார்க்கிறது. "இப்பவே இதுக்கு இவ்வளவு இடம் கொடுத்தா நாளைக்கு என்ன ஆகும்?" என்ற பேச்சுக்குப் பயந்து, நம் தாய்மார்கள் தங்கள் மகளை ரசிப்பதைக்கூட ஒளித்து வைக்கிறார்கள். திருட்டுப் பொருளை ஒளிப்பதுபோல! அல்லாஹ் கொடுத்த நிஃமத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். உங்கள் மகளின் விளையாட்டைப் பார்த்து உங்களுக்கு வரும் சிரிப்பை அவளுக்குத் தெரியும்படி சிரியுங்கள்.

இது என் சொந்த யோசனை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மார்க்கத்தில் இதற்கு என்ன இடம் என்று பார்ப்போம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளம் வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதைத் தாமே அறிவித்திருக்கிறார்கள். அவர்களோடு விளையாடத் தோழிகள் வருவார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உள்ளே வந்தால் அந்தச் சிறுமிகள் கூச்சப்பட்டு ஒளிந்துகொள்வார்கள். நாயகம் அவர்களை மறுபடியும் விளையாட அனுப்பி வைப்பார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அபூதாவூதில் இன்னொரு செய்தி. அந்தப் பொம்மைகளுக்கு நடுவில் ஒரு குதிரை இருந்தது. அதற்குத் துணியில் இரண்டு இறக்கை. குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் கேட்டபோது, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே, நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வந்தது. நாயகம் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். கவனியுங்கள். எதிர்த்துப் பேசுகிறாயா என்று கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் சிரிக்கவில்லை.

ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாடினார்கள். அன்னையவர்கள் அதைப் பார்ப்பதற்காக நாயகம் தம் மேலாடையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அன்னையவர்களே போதும் என்று நகரும் வரை நின்றார்கள். இதை அறிவிக்கும்போது அன்னையவர்கள் நமக்கு ஒரு விஷயத்தையும் உணர்த்துகிறார்கள். விளையாட்டில் ஆசை கொண்ட இளம் பெண்ணின் மனநிலையை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. எத்தனையோ மார்க்கச் சட்டங்களை நமக்குக் கற்றுத் தந்த அன்னை, இதையும் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

உம்மு காலித் என்று ஒரு சிறுமி. அபிசீனியாவில் பிறந்தவர். தகப்பனாரோடு நாயகத்திடம் வந்தார். மஞ்சள் சட்டை போட்டிருந்தார். நாயகம் அந்தச் சட்டை அழகாக இருப்பதாக அபிசீனிய மொழியிலேயே ஒரு வார்த்தை சொன்னார்கள். பிறந்த ஊர்ப் பேச்சைக் கேட்டால் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! அந்தப் பிள்ளை நாயகத்தின் முதுகில் இருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாட ஆரம்பித்தது. தகப்பனார் அதட்டினார். பெற்றவர் பயப்படுவது இயற்கைதான். ஆனால் நாயகம் அவளை விட்டுவிடும்படி சொல்லிவிட்டு, அவளுடைய நீண்ட ஆயுளுக்காக மூன்று தடவை துஆ செய்தார்கள். இது புகாரியில் உள்ளது.

நாயகம் தம் மகள் ஜைனப் (ரலி) அவர்களுடைய மகள் உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழுததும் உங்களுக்குத் தெரியும். சுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். பேரனை அல்ல, பேத்தியை. பெண் பிள்ளை பிறந்தால் முகம் கறுத்துப்போன ஒரு சமுதாயத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க, தொழுகையில்.

தாய்மார்களுக்கென்றே ஒரு செய்தி சொல்கிறேன். முஅவ்வித் அவர்களின் மகள் ருபய்யிஉ (ரலி) அறிவிக்கிறார்கள். ஆஷூரா நாளில் பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் சொல்வோம், அவர்களுக்காகக் கம்பளியில் பொம்மை செய்து வைத்திருப்போம், பசியில் அழுதால் நோன்பு திறக்கும் நேரம் வரை அதைக் கொடுத்து விளையாட வைப்போம் என்று. மதீனத்துத் தாய்மார்களின் கையைப் பாருங்கள். பிள்ளைக்கு நோன்பைப் பழக்கிய கையும் அதுதான், பொம்மை செய்த கையும் அதுதான். மார்க்கத்தையும் விளையாட்டையும் அவர்கள் எதிரெதிராக வைக்கவில்லை.

நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் ஒரு பகுதி படித்தேன். மக்தப் முடிந்து வரும் பிள்ளைக்கு, களைப்புத் தீர நல்ல விளையாட்டு விளையாட நேரம் கொடுக்க வேண்டும். விடாமல் படிப்பிலேயே நெருக்கினால் அதன் கல்பு செத்துவிடும், புத்தி மழுங்கும், படிப்பிலிருந்து தப்பிக்க வழி தேடும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார்கள். 1111-ல் வஃபாத்தான இமாம் அவர்கள். பிறகு கல்லூரிக்குப் போன காலத்தில், 1989-ல், ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 31-வது பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. நம் நாடும் 1992-ல் அதில் இணைந்தது. இமாம் சொன்ன இடத்திற்கு உலகம் வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சரி, விளையாட்டில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, ஒரு பிடி புளியங்கொட்டை. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று ஏழு வயதுப் பிள்ளை மனதுக்குள்ளேயே கணக்குப் போடும். நான்கு சேர்ந்தால் பசு என்று கண் இமைக்கும் முன் எடுத்துவிடும். அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வராது என்று அழும்! சொட்டாங்கல்லில் கண்ணும் கையும் ஒன்று சேர்கிறது. பாண்டி ஆடும்போது ஒற்றைக் காலில் நிலை நிற்கப் பழகுகிறது. ஓடுவதும் குதிப்பதும் எலும்பை உறுதியாக்கும். 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்று உண்டு. வீட்டு விளையாட்டு. உம்மாவின் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு தொழுவதுபோல் நிற்கும். தலையணையை மடியில் போட்டுத் தாலாட்டும். உடைந்த போனைக் காதில் வைத்து, "ஆமா, தம்மாம்லதான் இருக்காங்க, அடுத்த பெருநாளைக்கு வருவாங்க" என்று உம்மாவின் குரலிலேயே பேசும். கேட்டால் நமக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் அடைக்கும். பிள்ளை தன் மனதில் இருப்பதை நேராகச் சொல்லாது. விளையாட்டில் சொல்லும். பார்க்கிற கண் இருந்தால் தெரியும்.

நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டு வயதுப் பெண் பிள்ளை. அதன் உம்மா இரவில் பாத்திரம் கழுவி முடித்ததும் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மை விளையாட்டைப் பார்ப்பது வழக்கம். சில நாட்களாக ஒரு பொம்மை மட்டும் வேனில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. முதல் நாள் உம்மா சிரித்தார். மூன்றாம் நாளும் அந்தப் பொம்மை ஏறவில்லை. அவர் இன்னொரு பொம்மையை எடுத்து, அதன் குரலில், "ஏன் ராத்தா வேன்ல ஏற மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். பதில் வந்தது. பள்ளி வேனில் பெரிய பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுகிறான், சாப்பாட்டுப் பெட்டியைப் பிடுங்குகிறான், சொன்னால் இன்னும் கிள்ளுவேன் என்கிறான். மறுநாளே பேசி, இடம் மாற்றி, பெரியவர் ஒருவரை வேனில் அமர்த்தி, விஷயம் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த உம்மா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. பிள்ளையின் விளையாட்டை ரசித்தார், அவ்வளவுதான். "இந்த வயசுல பொம்மையா?" என்று பிடுங்கி வைத்திருந்தால் அந்தப் பேச்சு வெளியே வந்திருக்குமா?

தாய்மார்களே, இதை மனதில் வையுங்கள். சிரிப்பை உம்மாவிடம் கொண்டு வந்த பிள்ளைதான் அழுகையையும் உம்மாவிடம் கொண்டு வரும். ஒரு வாய்ச் சிரிப்புக்கே அடி விழுந்தால், வேறு ஒருவன் கெட்ட நோக்கத்தோடு தொட்டதை அது எப்படிச் சொல்லும்? தன் மேல்தான் தப்பு என்று உள்ளேயே வைத்துக்கொள்ளும். பிள்ளைகளைப் பாதுகாக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. எந்த நேரமும் உதவி கேட்க 1098 என்ற எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. இரண்டும் நல்லவை, தெரிந்து வைத்திருங்கள். ஆனால் அந்த எண்ணை அழுத்துவதற்கு முன்னால் பிள்ளை ஒருவரிடம் வாய் திறக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. அஸர் முடிந்ததும் நம் தெருவைப் பாருங்கள். ஒன்பது வயதுக் காக்கா பேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எட்டு வயதுத் தங்கச்சி இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும். வீட்டு வேலை பழக வேண்டும், தம்பி தங்கச்சியைப் பார்க்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய நாளில் அவளுக்கென்று ஒரு மணி நேரம் வேண்டாமா? வெட்கம், மறைவு, ஒழுக்கம் எல்லாம் வேண்டியவைதான். அதற்காகப் பிள்ளைப் பருவத்தையே முன்கூட்டிப் பூட்டிவிட வேண்டியதில்லை. மொட்டை மாடி இருக்கிறது, முற்றம் இருக்கிறது, பெண்கள் மட்டும் கூடும் இடம் இருக்கிறது. மனமிருந்தால் இடம் உண்டு.

"செல்லம் கொடுத்தால் கெட்டுப்போகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ரசிப்பது வேறு, கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுப்பது வேறு. பாங்கு சொன்னால் கல்லை மூடி வைக்க வேண்டும், அது ஒரு சட்டம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஊனத்தையோ நிறத்தையோ சொல்லிக் கேலி செய்தால் அது விளையாட்டு ஆகாது, அது இரண்டாவது சட்டம். சிரிப்புக்காகக்கூடப் பொய் கூடாது, அது மூன்றாவது. நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களோடு வேடிக்கையாகப் பேசுவார்கள், ஆனால் உண்மையைத்தான் பேசுவார்கள். இந்த மூன்று எல்லையையும் போட்டுவிட்டு, அதற்குள்ளே பிள்ளையை விடுங்கள். அதட்டலை இந்த மூன்றுக்கும் மிச்சம் வையுங்கள். எதற்கெடுத்தாலும் அதட்டினால் எது உண்மையில் தப்பு என்று பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும்.

போனைக் கையில் கொடுத்துவிட்டு விளையாட விட்டேன் என்று சொல்லாதீர்கள். அதில் ஆடுவது யாரோ, நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

"எனக்கு எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். சபுராளி மாப்பிள்ளை, மாமியின் மருந்து, பிள்ளையின் டியூஷன், ரேஷன் கடை வரிசை, எல்லாம் உங்கள் ஒருவர் தலையில். நீங்களும் இறங்கி ஓடி ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிடம் கையில் வேலை இல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவள் செய்கிற கூத்தைப் பாருங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். உங்கள் உம்மும்மா வைத்திருந்த பல்லாங்குழி பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள். உங்கள் மகள் உங்களைத் தோற்கடிக்கிற அன்று அவள் முகத்தைப் பாருங்கள், அந்த வாரக் களைப்பு போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கும் இந்த இதழ் போய்ச் சேரும். வீடியோவில் வந்ததும், "ஓதினியா? மார்க் எவ்வளவு?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "இன்னைக்கு என்ன விளையாண்டே?" என்று ஒரு கேள்வி முதலில் கேளுங்கள். உங்கள் மனைவி பிள்ளையின் குறும்பை எடுத்து அனுப்பினால், அந்தச் சந்தோஷத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாமிமார்களிடமும் ஒரு வேண்டுகோள். மருமகள் தன் மகளோடு சேர்ந்து சிரித்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். முடிந்தால் நீங்களும் கூடச் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் காலத்து விளையாட்டெல்லாம் உங்களோடு போய்விடக் கூடாது.

கடைசியாக, செயலாளர் என்ற முறையில் ஒரு அறிவிப்பு. இந்த மண்டபத்தின் பின்பக்கம் மதில் சுற்றிய திடல் சும்மா கிடக்கிறது. வரும் மாதம் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸரிலிருந்து மஃரிப் வரை அதைப் பெண் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் மட்டும் திறந்து வைக்க நிர்வாகக் குழு இசைந்திருக்கிறது. ஆண்கள் யாரும் உள்ளே வர மாட்டார்கள். மகளிர் பிரிவிலிருந்து இரண்டு பேர் பொறுப்பில் இருப்பார்கள். கட்டணம் இல்லை, விண்ணப்பமும் இல்லை. போன்களை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். படம் எடுக்கக் கூடாது. ஸ்கிப்பிங் கயிறு, பந்து, பல்லாங்குழிப் பலகை கொடுக்க விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் கொடுக்கலாம். பணம் வேண்டாம், பொருள் போதும். பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் மதிலோரம் பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறோம்.

யா அல்லாஹ்! எங்கள் பெண் மக்களை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்கி வைப்பாயாக! அவர்களைத் தீயோரின் கையிலிருந்தும் கண்ணிலிருந்தும் காப்பாயாக! அவர்களைச் சுமந்து பெற்ற தாய்மார்களுக்கு உடல் சுகத்தையும் மன நிம்மதியையும் தருவாயாக! எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் சிரிப்பை நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.